அளவு பார்த்து வாங்கும் நாய்

‘சின்ன வீட்டுக்குச் சின்ன நாய்’ என்ற வாசகத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்து, அலுப்பு கோபமாக மாறியே பல ஆண்டுகள் ஆகின்றன. குட்டி விற்பவர்கள் சொல்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழ்கள் அச்சடிக்கின்றன, அக்கம்பக்கத்தார் அதையே திருப்பிச் சொல்கிறார்கள். சின்ன நாய் இடத்தை அடைக்காது, தீனி குறைவு, பிள்ளைகளைக் கடிக்காது, நெடுநாள் உயிரோடு இருக்கும், வெளியே கூட்டிக்கொண்டு அலைய வேண்டியதில்லை என்று அந்த வாசகத்தின் பின்னால் ஒரு வரிசை வேறு வருகிறது. இதில் தீனி பற்றிய பேச்சு மட்டும் முழு உண்மை. அந்த மிச்சத்தையும் ஒரு வருட மருத்துவச் செலவு விழுங்கிவிடும் என்பதால் அதை இத்தோடு விட்டுவிடலாம். மற்றவை எல்லாம் ஒரே தவறிலிருந்து முளைத்தவை. நாயை உயரத்தாலும் எடையாலும் அளக்கிறோம். இந்த வெயிலில் அதனால் மூச்சு விட முடியுமா என்று ஒருவரும் கேட்பதில்லை.

இந்தக் கேள்வியை மதுரையை அடுத்த அலங்காநல்லூர்ப் பக்கத்து மனிதர்கள் கேட்காமல் இருப்பதுதான் எனக்கு விளங்காத விஷயம். ஒரு கன்று வாங்க நாலு ஊர் அலைகிறவர்கள் இவர்கள். பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், திமிலையும் குளம்பையும் தடவிப் பார்ப்பார்கள், தாய் எந்தக் கொட்டத்து மாடு என்று விசாரிப்பார்கள். சித்திரை வெயிலில் ஜெர்சிக் கலப்பு மாடு வாயைத் திறந்து இளைப்பதையும், புலிக்குளம் மாடு அதே வெயிலில் நின்று அசைபோடுவதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பழகியவர்கள். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக வாடிவாசலை மறித்து உட்கார்ந்தபோது இந்த ஊர் உலகத்துக்குச் சொன்ன நியாயங்களில் ஒன்று, இந்த மண்ணில் உருவான இனம்தான் இந்த மண்ணைத் தாங்கும் என்பது. அந்த நியாயம் மாட்டுத் தொழுவத்தோடு நின்றுவிட்டது. வீட்டுக்கு நாய் என்று வந்ததும் சுழியும் இல்லை, பல்லும் இல்லை, தாய் யார் என்ற விசாரணையும் இல்லை. மடியில் அடங்குமா என்பது மட்டும்தான் கேள்வி. அடங்கும் என்றால் வாங்கிவிடுகிறோம்.

அப்படி வாங்கப்பட்ட நாய்களில் முதலிடம் ‘பக்’ என்ற இனத்துக்கு. 2003-ல் ஹட்ச் தொலைபேசி நிறுவனத்தின் விளம்பரத்தில் ஒரு சிறுவன் போகுமிடமெல்லாம் பின்னாலேயே ஓடி வந்த நாய் அது. நிறுவனம் 2007-ல் வோடபோன் ஆனபோது நாயும் ‘வோடபோன் நாய்’ ஆயிற்று. இன்றைக்கும் பாதிப் பேருக்கு அந்தப் பெயர்தான் தெரியும். ஒரு கைபேசி இணைப்பை விற்க எடுத்த ஒரு நிமிடப் படம், ஓர் இனத்தை இந்த நாட்டு வீடுகளுக்குள் கொண்டுவந்து தள்ளிவிட்டது. அந்தப் படத்தில் அந்த நாய் தூங்கும் சத்தத்தை யாரும் கேட்டிருக்க முடியாது.

அந்தச் சத்தத்திலிருந்துதான் பேச வேண்டும். பக் குறட்டை விடும். அதைப் பார்த்து வீடே சிரிக்கும், படம் எடுத்து உறவுக்காரர்களுக்கு அனுப்பும். அது மூச்சுக்குத் திணறும் ஒலி. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. வியர்வைச் சுரப்பி பெரும்பாலும் பாதத்து மெத்தையில்தான் இருக்கிறது. அது சூட்டை வெளியேற்றுவது மூக்கின் வழியாகவும் நாக்கின் வழியாகவும். மூக்குக்குள் சுருள் சுருளாக மெல்லிய எலும்புகள், அவற்றின் மேல் ஈரமான சவ்வு. இளைக்கும்போது காற்று அந்தச் சவ்வைத் தொட்டுக்கொண்டு ஓட, ஈரம் ஆவியாகி இரத்தம் குளிர்கிறது. மண்பானையில் தண்ணீர் குளிர்வது எப்படியோ அப்படி. ஈரம் ஆவியாகப் பரப்பு இருந்தால்தான் குளிர்ச்சி. மூக்கு நீளமாக இருந்தால்தான் சவ்வுக்கு இடம். பக்கின் முகத்தை மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தட்டையாக்கிக்கொண்டே வந்தார்கள். மேலெலும்பு சுருங்கியது, உள்ளிருக்கும் சதை சுருங்கவில்லை. அந்தச் சுருள்களும் அண்ணச் சதையும் இடமில்லாமல் மூக்கிலும் தொண்டையிலும் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன; நாசித் துவாரமோ கீறல் அளவுக்குச் சிறுத்துவிட்டது. குளிர்ச்சிக்காக இளைக்க இளைக்க, இளைக்கும் வேலையே உடம்பில் சூட்டை ஏற்றுகிறது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. இடைவெளி இரண்டே டிகிரி. மதுரையில் ஏப்ரல், மே மாதங்களில் காற்றின் வெப்பமே 40-ஐத் தொட்டு நிற்கும். மழைக்கு முந்திய புழுக்க நாட்களில் ஈரம் ஆவியாவதே குறைந்துவிடும் என்பதால் அப்போதும் ஆபத்து தீராது. மொட்டை மாடிக்குக் கீழே, தகர மறைப்புக்குப் பக்கத்தில், மின்வெட்டு நேரத்தில் ஒரு பக்கைக் கட்டிப் போடுவதற்குக் கொடுமை என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

சின்ன நாய் நெடுநாள் வாழும் என்ற வாதமும் இந்த மூக்கில்தான் அடிபட்டு விழுகிறது. பொதுவாகப் பேசினால் பெரிய நாயைவிடச் சின்ன நாய்க்கு ஆயுள் கூடுதல்தான். ஆனால் பிரிட்டனில் கால்நடை மருத்துவமனைப் பதிவுகளை வைத்து 2022-ல் வெளியிட்ட ஆயுள் கணக்கில், ஜாக் ரஸ்ஸல் டெரியருக்குப் பிறக்கும்போது எதிர்பார்க்கப்படும் ஆயுள் 12.7 ஆண்டு. பக்குக்கு 7.7. அதே தட்டை முகம் கொண்ட பிரெஞ்சு புல்டாக்குக்கு 4.5. ஜாக் ரஸ்ஸலும் பக்கும் எடையில் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டையும் ஒரே கூடையில் வைத்துத் தூக்கலாம். எடை ஒன்றாக இருந்தும் ஐந்து வருட வித்தியாசம் வருகிறது, மூக்கு ஒன்றாக இல்லை. அதே ஆண்டில் லண்டனின் ராயல் கால்நடைக் கல்லூரி, ஆரோக்கியத்தை வைத்துப் பார்த்தால் பக்கை இனி ஒரு சராசரி நாயாகக் கருத முடியாது என்றே அறிவித்தது. குளிர் நாட்டுக் கணக்கு இது. இங்குள்ள வெயிலைச் சேர்த்துக்கொண்டால் என்ன ஆகும் என்று அவரவர் யோசிக்கட்டும்.

இந்த முகம் இயற்கை கொடுத்ததும் இல்லை. ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1745-ல் தன்னையும் தன் பக்கையும் சேர்த்து வரைந்த படம் லண்டனில் இருக்கிறது. அந்த நாய்க்கு மூக்கு என்று சொல்லும்படி ஒரு மூக்கு நீண்டு இருக்கிறது. அதன் பிறகு கண்காட்சி மேடைகளுக்காக முகத்தை அழுத்தி அழுத்திக் குறுக்கினார்கள். பிதுங்கிய கண், அதில் விழும் புண், முக மடிப்புகளில் அழுகும் தோல் எல்லாம் அதனோடு வந்தவை. புல்டாக் வகைகளில் பத்து ஈற்றில் எட்டுக்கு மேல் வயிற்றை அறுத்துக் குட்டி எடுக்க வேண்டிய நிலை. இதைப் பார்த்து நெதர்லாந்து 2019-ல், மண்டையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட மூக்கு இல்லாத நாய்களை இனப்பெருக்கம் செய்யத் தடை போட்டது. குடும்பத்துக்கென்றே விற்கப்படும் இன்னொரு சின்ன நாயான கெவலியர் கிங் சார்ல்ஸ் ஸ்பேனியலை இப்போதைய முறையில் இனப்பெருக்கம் செய்வது விலங்குநலச் சட்டத்துக்கு விரோதம் என்று நார்வேயின் உச்ச நீதிமன்றம் 2023-ல் சொன்னது. மூளைக்குப் போதாத மண்டை, பழுதுபட்ட இதயம் ஆகியவை அந்த இனத்துக்குப் பரம்பரைச் சொத்து. நம் அரசும் சும்மா இருக்கவில்லை. தமிழகத்தின் 2024-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்கக் கொள்கை, இங்கே இனப்பெருக்கம் செய்யத் தகாத இனங்களின் பட்டியலில் சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு போன்ற பனி நாட்டுப் பெரிய நாய்களோடு பக்கையும் பிரெஞ்சு புல்டாக்கையும் சேர்த்தது. ஹஸ்கியை மதுரையில் வளர்ப்பது பாவம் என்று சொன்னால் எல்லாரும் தலையாட்டுகிறார்கள். பக்கைப் பற்றிச் சொன்னால், ‘அது சின்ன நாய்தானே’ என்கிறார்கள்.

குளிர்சாதனம் வைத்துவிட்டால் தீர்ந்தது என்று பதில் வரும். தீராது. அடைபட்ட நாசி குளிர்ந்த அறையிலும் அடைபட்டதுதான். தூக்கத்தில் திணறுவது டிசம்பரிலும் நடக்கும். மேலும் குளிர்சாதன அறைக்கு வெளியே போக முடியாத ஒரு பிராணியை எதற்காக வளர்க்க வேண்டும்? ‘எங்கள் பக் பத்து வருஷம் இருந்ததே’ என்பார்கள். நூறு வயது வாழ்ந்த பீடிக்காரர் ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் உண்டு. இதைவிட வலுவான கேள்வி ஒன்று இருக்கிறது: முந்தைய தலைமுறை வீடுகளில் வளர்ந்த பாமரேனியன் சின்ன நாய்தானே, அது நன்றாகத்தானே இருந்தது? இருந்தது. ஆனால் நாம் பாமரேனியன் என்று கூப்பிட்டது பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். ஆங்கிலேயர் காலத்தில் இங்கேயே பெருக்கி, இந்த வெப்பத்துக்குப் பழக்கப்பட்ட இனம். கூரான முகம், நீண்ட மூக்கு. 1994-ல் வந்த ‘ஹம் ஆப்கே ஹைன் கௌன்’ இந்திப் படத்தில் வந்த நாயும் அதுதான். சின்ன நாய் எல்லாமே இந்த ஊருக்கு ஆகாது என்பது என் கட்சி இல்லை. தெருவுக்கு நாலு வெள்ளை ஸ்பிட்ஸ் குரைத்துக்கொண்டிருந்த ஊர்களில் அவற்றைக் காணாமல் ஆக்கியது, அளவை மட்டும் பார்க்கச் சொல்லிக் கொடுத்த அந்த வாசகம்தான். ஸ்பிட்ஸும் சின்னது, பக்கும் சின்னது, ஆகவே இரண்டும் ஒன்று என்று அது நம்ப வைத்தது.

பிள்ளைகளைக் கடிக்காது என்ற பேச்சு ஆபத்தானது. சின்ன நாய் கடிக்கும். பெரிய நாயைவிடச் சுலபமாகவே கடிக்கும். ஏனென்றால் அதைப் பொம்மை போலத் தூக்குகிறார்கள், காதைப் பிடித்து இழுக்கிறார்கள், அது உறுமினால் சிரிக்கிறார்கள். உறுமலுக்கு மதிப்பில்லை என்று தெரிந்துகொண்ட நாய் அடுத்தபடியாகப் பல்லைப் பயன்படுத்தும். கடி சின்னதாக இருப்பதால் அதைச் ‘செல்லக் கடி’ என்று துடைத்துவிட்டுப் போகிறார்கள். வெறிநோய்க் கிருமிக்குக் காயத்தின் ஆழம் ஒரு பொருட்டல்ல. தோல் கீறினால் போதும். சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குப் போய் அன்றே முதல் ஊசி போட்டு, மருத்துவர் சொன்ன நாட்களில் மீதி ஊசிகளையும் முடிக்க வேண்டும் என்ற விதியில் நாயின் அளவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பிறகு, குட்டி எவ்வளவு சின்னதோ அவ்வளவு அழகு என்று முப்பது நாள் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து விற்கிறார்கள். 2017-ல் வந்த மத்திய அரசு விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்வது கூடப்பிறந்த குட்டிகளோடு புரண்டு விளையாடும் அந்த வாரங்களில்தான்.

இடம் அடைக்காது, வெளியே கூட்டிப்போக வேண்டாம் என்பதற்கு ஒரு பதில் போதும். ஜாக் ரஸ்ஸல் நரி வேட்டைக்கும், டாஷ்ஹண்ட் வளைக்கரடியைத் தோண்டி எடுக்கவும் உருவான நாய்கள். இரண்டையும் ஒரு படுக்கையறையில் அடைத்தால் மெத்தையைத்தான் தோண்டும். டாஷ்ஹண்டுக்கு நீண்ட முதுகு வேறு. மாடிப்படி ஏறி இறங்கும் வீட்டில் அதன் முதுகெலும்பு வட்டு பிதுங்கிப் பின்கால் இழுத்துக்கொள்ளும் ஆபத்து எப்போதும் உண்டு.

‘அப்படியானால் நாட்டு நாய்களான ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் மூன்று சென்ட் வீட்டில் வளர்க்கச் சொல்கிறாயா’ என்று மடக்குவார்கள். இல்லை. அவை வேட்டைக்கும் காவலுக்கும் பிறந்தவை. சிப்பிப்பாறைக்குக் கரிசல் காடு வேண்டும். ராஜபாளையத்தின் வெள்ளை நிறத்தோடு சில குட்டிகளுக்குப் பிறவிச் செவிடும் வருகிறது. 2005-ல் ராஜபாளையத்துக்கு அஞ்சல்தலை வெளியிட்டதும், 2020-ல் பிரதமர் வானொலியில் நாட்டு நாய்களின் பெயரை வரிசையாகச் சொன்னதும் நல்ல விஷயங்கள்தான். அதற்காக அவற்றை வாங்கிச் சங்கிலியில் கட்டிவிடுவது பக் வாங்குவதைப் போன்ற அதே தவறு. அங்கே பெருமையைப் பார்த்தோம், இங்கே அளவைப் பார்த்தோம். நாயைப் பார்க்கவில்லை.

எந்தப் பெயரும் இல்லாத ஊர் நாய் ஒன்று இருக்கிறது. பதினைந்து, இருபது கிலோ. குட்டை முடி, விடைத்த காது, நீண்ட மூக்கு. சர்க்கரை ஆலைச் சாலையோரத்தில், டீக்கடைப் பெஞ்சுக்கு அடியில், யாரும் இனப்பெருக்கம் செய்யாமல் வெயிலே பொறுக்கி எடுத்த உடம்பு அது. விலை கிடையாது. கொடுக்கும் சோற்றைத் தின்னும். அந்தக் குட்டியை எட்டு வாரம் தாயோடு விட்டுவிட்டு எடுத்து வந்து, குடற்புழு மருந்து கொடுத்து, மூன்றாம் மாதம் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை அதைத் தவறாமல் புதுப்பித்து, வயது வந்ததும் கருத்தடை செய்தால் போதும். ஊசி எல்லாம் அரசு கால்நடை மருந்தகத்திலேயே கிடைக்கும். காலையில் அரை மணி, பொழுது சாய்ந்து அரை மணி நடத்திக்கொண்டு போக வேண்டும். என்ன இனம் என்று கேட்கும் விருந்தாளிக்கு, அலங்காநல்லூர் என்று சொல்லலாம்.