தளர்நடைக் குழந்தைகளின் திரைநேரம்: பெங்களூருவாழ் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்

திரைநேரம் என்பது தொலைக்காட்சி, கைப்பேசி, டேப்லெட், கணினி ஆகியவற்றின் முன் ஒரு குழந்தை கழிக்கும் மொத்த நேரத்தைக் குறிக்கும் சொல். தளர்நடைப் பருவம் என்பது குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கும் ஏறத்தாழ ஒரு வயது தொடங்கி மூன்று வயது நிறையும் வரை உள்ள காலம். நடையும் பேச்சும் ஒருசேர முளைக்கும் இந்தக் குறுகிய காலத்தில் திரைக்கு எவ்வளவு இடம் தருவது, எத்தகைய நிகழ்ச்சிக்கு இடம் தருவது என்பன குறித்து, பெங்களூருவில் வாழும் பெற்றோரும் பேரப் பிள்ளைகளை வளர்க்கும் மூத்தோரும் மழலையர் பள்ளி ஆசிரியைகளும் சேர்ந்த ஒரு சிறு குழு இவ்வேண்டுகோளை நகர மக்கள்முன் வைக்கிறது. குழந்தை எத்தனை நிமிடம் திரை பார்த்தது என்று கணக்கிடும் வீடுகள், அந்த நிமிடங்களில் அதனோடு யார் யார் பேசாமல் போனார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்பதே இக்குழுவின் தலையாய கோரிக்கை; கீழ்வரும் மற்றவை யாவும் இதிலிருந்து கிளைப்பவை.

கால அளவைப் பொறுத்தமட்டில் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதல் இரண்டு வயது நிறையும் வரை திரைநேரமே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயதினருக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல், அதிலும் குறைந்தால் நல்லது என்றும் கூறுகிறது. அதற்கடுத்த சில ஆண்டுகளில் இந்திய குழந்தை மருத்துவக் கழகம் தந்த வழிகாட்டுதலும் இதையே பின்பற்றி, இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு உறவினருடன் எப்போதாவது பேசும் வீடியோ அழைப்பைத் தவிர வேறெதுவும் கூடாது என்றும், இரண்டு வயதுக்கு மேல் ஐந்து வயது வரை பெரியவர் உடனிருக்க ஒரு மணி நேரமே உச்ச வரம்பு என்றும் வரையறுக்கிறது. தருமபுரியிலோ வேலூரிலோ இருக்கும் பாட்டி வீடியோ அழைப்பில் பேரனைக் கொஞ்சுவது இந்த வரம்புக்குள் வராது. அங்கே எதிர்முனையில் இருப்பவர் குழந்தையின் முகம் பார்த்துப் பதில் சொல்கிறார் என்பதால் அது உரையாடல்.

பதில் சொல்லும் முகம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை அமெரிக்க மொழி அறிவியலாளர் பட்ரீசியா கூல் தம் சகாக்களுடன் 2003இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டியது. ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளோடு சீனம் பேசுவோர் பன்னிரண்டு அமர்வுகளில் நேரில் விளையாடியும் புத்தகம் காட்டியும் பேசியபோது, அம்மொழிக்கே உரிய ஒலிகளைப் பிரித்தறியும் திறனை அக்குழந்தைகள் பெற்றன. அதே ஆட்கள், அதே பேச்சு, அதே பொம்மைகள் திரை வழியாக வந்தபோது பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றும் ஒட்டவில்லை. இளங்குழந்தை நேரில் கற்பதைக் காட்டிலும் திரையில் மிகக் குறைவாகக் கற்கும் இந்நிலையை ஆய்வாளர்கள் காணொளிக் குறைபாடு என்று அழைக்கின்றனர். குறைபாடு குழந்தையினுடையதன்று, கருவியினுடையது. குழந்தையை அறிவாளியாக்கும் என்ற எண்ணத்தோடு உலகெங்கும் வாங்கப்பட்ட ‘பேபி ஐன்ஸ்டைன்’ காணொளிகளுக்கு 2009இல் டிஸ்னி நிறுவனம் பணத்தைத் திருப்பித் தர முன்வந்ததையும் இங்கே நினைவுகூரலாம்.

பெங்களூருவுக்கு இந்த ஆய்வு தனிப் பொருத்தம் உடையது. அல்சூரிலும் ஸ்ரீராம்புரத்திலும் விவேக் நகரிலும் வளரும் தமிழ்க் குழந்தை வீட்டில் தமிழும், படியிறங்கினால் கன்னடமும், அடுத்த தெருவில் தெலுங்கோ உருதுவோ, குடியிருப்புக் காவலாளியிடம் இந்தியும் கேட்கிறது. இவ்வளவு மொழிகளை இலவசமாகக் காதில் ஊற்றும் நகரங்கள் உலகில் அதிகம் இல்லை. அப்படியிருந்தும் பள்ளியில் சேர்க்கும்போது ஆங்கிலம் வராதோ என்ற அச்சத்தில் ஆங்கிலப் பாடல் காணொளிகளைக் காலை முதல் ஓடவிடும் வீடுகள் பல. விளைவாக நிறங்களின் பெயரையும் எண்களையும் அயல்நாட்டு உச்சரிப்பில் ஒப்பிக்கும் இரண்டு வயதுக் குழந்தை, தாகம் எடுத்தால் தண்ணீர் என்று கேட்கத் தெரியாமல் கையைப் பிடித்து இழுக்கிறது. ஒப்பித்தலைப் பேச்சு என்று மயங்கக் கூடாது. பூ விற்க வரும் அம்மாவோடு வாசலில் நின்று கன்னடத்தில் நான்கு வார்த்தை பேசும் பாட்டி அக்குழந்தைக்குச் செய்யும் மொழிப் பணி, எந்தக் கட்டணச் செயலியும் செய்ய முடியாதது.

அடுத்து, பலர் திரைநேரமாகவே எண்ணாத பின்னணித் தொலைக்காட்சி. குழந்தைக்காக அன்றிப் பெரியவர்களுக்காகவோ யாருக்காகவுமன்றியோ கூடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சிக்கு இப்பெயர். அமெரிக்காவில் குழந்தைகளின் உடையில் சிறு ஒலிப்பதிவுக் கருவியைப் பொருத்தி நடத்தப்பட்டு 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தொலைக்காட்சி ஒலி கேட்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் குழந்தை காதில் விழும் பெரியவர் சொற்கள் சுமார் 770 குறைவதாகக் கண்டறியப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் வந்த மற்றோர் ஆய்வு, தமக்குப் புரியாத பெரியவர் நிகழ்ச்சி ஓடினாலும் ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகள் பொம்மையோடு ஆடும் ஆட்டம் துண்டு துண்டாக உடைவதைக் காட்டியது. குழந்தை ஓரிரு நொடி திரும்பிப் பார்க்கிறது, திரும்பி வரும்போது எதைச் செய்துகொண்டிருந்தது என்பது அதற்கு மறந்துவிடுகிறது.

மாலை ஆறு மணிக்குத் தொடங்கி இரவு பத்து வரை நீளும் நெடுந்தொடர்களையும், நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்தும் செய்தி விவாதங்களையும் இக்குழு மனத்தில் வைத்தே இதைக் கூறுகிறது. ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவென்று ஊரிலிருந்து வந்து, மொழி பழகாத நகரில், பத்தாவது மாடி வீட்டில் பகல் முழுதும் தனித்திருக்கும் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் தமிழ்ச் சேனல்தான் துணை. அத்துணையைப் பறிப்பது நன்றிகெட்ட செயல். தொடர் பார்க்கும் நேரத்தைக் குழந்தை உறங்கும் நேரத்துக்கு மாற்றுவது, மறு ஒளிபரப்பைப் பார்ப்பது, பெட்டியைக் கூடத்திலிருந்து உள்ளறைக்கு நகர்த்துவது, மாலையில் ஒரு மணி நேரம் மகனோ மருமகளோ குழந்தையை எடுத்துக்கொண்டு பெரியவர்களை நிம்மதியாகப் பார்க்க விடுவது என வழிகள் உண்டு. வேலை முடிந்து வந்து தாம் கைப்பேசியில் மூழ்கிக்கொண்டு, தொடர் பார்க்கும் பாட்டியைக் குறை சொல்லும் இளம் பெற்றோருக்கு இக்குழுவின் அனுதாபம் கிடைக்காது.

இரண்டு வயது கடந்த குழந்தைக்குத் திரை காட்டத்தான் வேண்டும் என்றால், கைப்பேசியைவிடக் கூடத்துத் தொலைக்காட்சியே மேல் என்பது இக்குழுவின் கருத்து. பழைய கருவி என்று ஒதுக்கப்பட்ட அதற்குச் சில நற்குணங்கள் உண்டு. அது தொலைவில் இருக்கிறது, எல்லோர் கண்ணிலும் படுகிறது, முக்கியமாக அதில் வரும் நிகழ்ச்சிக்கு முடிவு உண்டு. கர்நாடகத்துக்கு இதில் ஒரு முன்வரலாறும் இருக்கிறது: 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டுக்கு ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களில் நடந்த செயற்கைக்கோள் வழித் தொலைக்காட்சிக் கல்விச் சோதனையில் வடகர்நாடகக் கிராமங்களும் இடம்பெற்றன. அங்கே காலையில் ஒவ்வொரு மொழிக்கும் அரை மணிக்கும் குறைவாகவே பள்ளிச் சிறாருக்கான ஒளிபரப்பு இருந்தது, ஊருக்குப் பொதுவான ஒரே பெட்டியைச் சுற்றி அமர்ந்து பார்த்தார்கள், முடிந்ததும் பெட்டி அணைந்தது. அக்குழந்தைகள் வயதில் மூத்தவர்கள்தான். ஆனால் அளவு, துணை, முடிவு ஆகிய மூன்றும் அந்த ஏற்பாட்டிலேயே அடங்கியிருந்தன. கைப்பேசியில் இவை மூன்றும் இல்லை. ஒரு காணொளி முடிந்ததும் அடுத்ததைத் தானே தொடங்கும் ஆட்டோபிளே என்னும் வசதியும், பார்ப்பவரின் விருப்பத்தை ஊகித்து அடுத்தடுத்து நீட்டும் பரிந்துரை நிரலும், எப்போது நிறுத்துவது என்ற முடிவை வீட்டாரிடமிருந்து பறித்துக்கொள்கின்றன. ஆட்டோபிளேயை அணைத்து வைப்பதும், யூடியூப் கிட்ஸ் செயலியில் உள்ள நேரக் கட்டுப்பாட்டைப் பயன்படுத்துவதும், தேர்ந்த நான்கைந்து காணொளிகளைத் தரவிறக்கி வைத்து இணையத்தைத் துண்டித்துக் காட்டுவதும் அந்த முடிவைத் திரும்பப் பெறும் எளிய வழிகள்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு ஆய்வுகள் ஓரளவு வழிகாட்டுகின்றன. 2005இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கும் டோரா, ப்ளூஸ் க்ளூஸ் போன்ற நிகழ்ச்சிகளைப் பார்த்த இரண்டரை வயதுக் குழந்தைகளிடம் சொல்வளம் கூடுதலாகவும், முழுச் சொற்கள் குறைந்த டெலிடபீஸ் பார்த்தவர்களிடம் குறைவாகவும் காணப்பட்டன. சிறிய ஆய்வுதான், தொடர்பைக் காட்டுகிறதே தவிரக் காரணத்தை நிறுவவில்லை. சுட்டி டிவியில் தமிழ் பேசிய டோராவைப் பார்த்து வளர்ந்து இன்று பெற்றோராகியிருப்போர், அவள் கேள்வி கேட்டுவிட்டு நிறுத்தும்போது வீடே கூவிப் பதில் சொன்னதை மறந்திருக்க மாட்டார்கள். வேகமும் கவனிக்கத் தக்கது: 2011இல் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காட்சிகள் மிக விரைவாக மாறும் ஒரு பிரபல கார்ட்டூனை ஒன்பது நிமிடமே பார்த்த நான்கு வயதுக் குழந்தைகள், வரைந்துகொண்டிருந்த குழந்தைகளைவிடப் பொறுமையும் கவனமும் தேவைப்படும் பணிகளில் உடனடியாகப் பின்தங்கியதைக் கண்டனர். ஆகவே காட்சி நிதானமாக நகர்வதும், ஒரே கதை தொடக்கம் முதல் முடிவு வரை செல்வதும், வீட்டு மொழியில் இருப்பதும், குழந்தைக்கு வாய் திறக்க இடம் விடுவதும், இடையில் விளம்பரம் குறுக்கிடாததும் நல்ல நிகழ்ச்சியின் அடையாளங்கள்.

2013இல் சென்னையில் தொடங்கிய சூசூ டிவியும், பெங்களூருவிலேயே இயங்கும் இன்ஃபோபெல்ஸும் தமிழிலும் கன்னடத்திலும் ஏராளமான பாடல்களைத் தருகின்றன. ஒரு பாடலை உடன் அமர்ந்து பார்த்து, அணைத்துவிட்டு, அதையே அன்று முழுதும் வாயால் பாடி ஆடுவது ஒன்று. பாடல்களைக் கோத்த ஒரு மணி நேரத் தொகுப்பை ஓடவிட்டுச் சமையலறைக்குப் போவது முற்றிலும் வேறொன்று. திரையே இல்லாமல் கதை சொல்ல விரும்புவோருக்கு, பெங்களூருவின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ், கன்னடப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை அச்சிட்டுத் தைத்துக்கொள்ளலாம், குழந்தை கிழித்தால் மீண்டும் அச்சிடலாம்.

கைப்பேசியைக் காட்டிச் சோறூட்டுவதைப் பற்றி ஒரு சொல். திரையில் கண் பதித்த குழந்தை வாயைத் திறக்கிறது, விழுங்குகிறது. பசி அடங்கியதையோ உண்டது என்ன என்பதையோ அது கவனிப்பதில்லை. பழகிய வீட்டில் திடீரென நிறுத்தினால் சில நாள்கள் தட்டு கவிழும், உண்பது குறையும். உடல்நலமுள்ள குழந்தைக்கு அதனால் தீங்கில்லை, எடை குறித்து ஐயம் இருப்பின் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடரலாம். உறங்கச் செல்வதற்கு முந்தைய ஒரு மணி நேரமும் இதே போலத் திரையின்றி இருத்தல் வேண்டும்.

இவையெல்லாம் வீட்டுக்குள் ஆகக்கூடியவை. ஆனால் பீன்யாவிலும் பொம்மனஹள்ளியிலும் ஆடைத் தொழிற்சாலையில் நின்று வேலை செய்துவிட்டு வரும் தாயிடமும், வெளிவட்டச் சாலையின் நெரிசலில் இரண்டு மணி நேரம் கழித்து வரும் தந்தையிடமும் குழந்தையோடு பேசுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்வது எளிது, நியாயமன்று. முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் தொழிற்சாலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும், ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களில் வேண்டும் என்று மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தமும் விதித்தன. காப்பகம் பெயரளவில் இல்லாமல் ஆள் உள்ள இடமாக இருக்க வேண்டும் என்று நிறுவனங்களையும், காப்பகத்திலும் பிளேஸ்கூலிலும் குழந்தைகளை அடக்கி வைக்கத் தொலைக்காட்சி ஓடுகிறதா என்று சேர்க்கும் நாளிலேயே கேட்டறிய வேண்டும் என்று பெற்றோரையும் இக்குழு வேண்டுகிறது. கார் நிறுத்த இடம் போதவில்லை என்று விளையாட்டுத் திடலைச் சுருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கங்கள், சத்தம் வருகிறது என்று மாலையில் குழந்தைகளை விரட்டும் அண்டை வீட்டார் ஆகியோரும், அக்குழந்தைகள் விரட்டப்பட்டு எங்கே போகின்றன என்பதை எண்ணிப் பார்க்கலாம். ஓட்டலில், மெட்ரோவில், திருமண மண்டபத்தில் குழந்தை அழுதால் முறைக்காமல் இருப்பதும் ஓர் உதவியே. கைப்பேசி பெரும்பாலும் பிறர் பார்வைக்கு அஞ்சித்தான் நீட்டப்படுகிறது.

இறுதியாக, ‘விர்ச்சுவல் ஆட்டிசம்’ என்ற பெயரில் பரவும் அச்சம். திரை பார்த்ததால் ஆட்டிசம் வந்தது என்ற பொருளில் வழங்கும் இச்சொல் மருத்துவம் ஏற்றுக்கொண்ட நோய்ப்பெயர் அன்று. ஆட்டிசம் கருவிலேயே தொடங்கும் மூளை வளர்ச்சி வேறுபாடு. இச்சொல்லை நம்பித் தாயைக் குற்றவாளியாக்குவதும், திரையை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருந்து சிகிச்சைக்கு உரிய மாதங்களை இழப்பதும் ஒருங்கே நிகழ்கின்றன. ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் வராத, இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தைக்குத் திரையை நிறுத்துவதோடு, முதலில் காது கேட்கும் திறனையும் பின்னர் வளர்ச்சியையும் சோதிக்க வேண்டும். பெங்களூருவில் இந்திரா காந்தி குழந்தைகள் நல மருத்துவ நிறுவனத்திலும் நிம்ஹான்ஸிலும், மைசூருவில் அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனத்திலும் இதற்கு ஏற்பாடு உண்டு. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறை மருத்துவக் குழு இலவசமாகப் பார்க்க வேண்டும். அம்மருத்துவக் குழு வரும் நாளில் விடுப்பு கிடைக்காத தாய், குழந்தை சொல்லும் சொற்களையும் அது எந்த மொழிக்குத் திரும்பிப் பார்க்கிறது என்பதையும் ஒரு தாளில் எழுதிப் பாட்டியிடமோ அடுத்த வீட்டாரிடமோ கொடுத்தனுப்பலாம்.