பச்சைக் கோடு விலகியது ஏன்?

2019-ம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி அதிகாலை. பெங்களூர் பீனியாவில் உள்ள இஸ்ரோ கட்டுப்பாட்டு நிலையத்தின் பெரிய திரையில் இரண்டு கோடுகள் தெரிந்தன. சந்திரயான்-2 அனுப்பிய ‘விக்ரம்’ கலம் எந்தப் பாதையில் இறங்க வேண்டும் என்பதைச் சிவப்புக் கோடு காட்டியது. அது உண்மையில் இறங்கும் பாதையைப் பச்சைக் கோடு காட்டியது. நெடுநேரம் இரண்டும் ஒட்டியே சென்றன. சந்திரனின் தரைக்குச் சுமார் 2 கிலோமீட்டர் மேலே பச்சைக் கோடு விலகியது. சிறிது நேரத்தில் தகவலும் நின்று போயிற்று.

நாடே வருந்தியது. நேரில் வந்திருந்த பிரதமர் விஞ்ஞானிகளுக்கு ஆறுதல் கூறினார். ஆனால் 2023 ஆகஸ்ட் 23-ந் தேதி மாலை சந்திரயான்-3 பத்திரமாக இறங்கியதற்கு, அன்று விலகிய அந்தக் கோடும் ஒரு முக்கிய காரணம் எனலாம்.

தனித்து இயங்கிய யந்திரம்

விக்ரமை ஓட்ட உள்ளே ஆள் இல்லை. பூமியிலிருந்து ஓட்டவும் வழியில்லை. இங்கிருந்து கட்டளை போய்ப் பதில் வர இரண்டரை வினாடிக்கு மேல் ஆகும். சுமார் 30 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, வினாடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தைக் குறைத்து, 15 நிமிடத்தில் இறங்க வேண்டிய யந்திரத்துக்கு அந்தத் தாமதம் கட்டுப்படியாகாது. எனவே உயரத்தையும் வேகத்தையும் தானே அளந்து, தானே முடிவெடுக்கும் ரோபோவாகவே அது அனுப்பப்பட்டது.

இத்தகைய யந்திரம் தவறினால் அதன் சொந்தப் பதிவே சாட்சி. கடைசி நொடிவரை அது அனுப்பிய எண்களை நேர வரிசைப்படி கோடுகளாக வரைந்து, திட்டமிட்ட கோட்டுடன் ஒப்பிட்டால், எந்த நொடியில் எது மாறியது என்பது கண்ணுக்குத் தெரியும்.

பதிவுகள் சொன்ன கதை

இரண்டாவது கட்டத்தில் வேகம் திட்டமிட்டதைவிட அதிகமாகக் குறைந்ததே காரணம் என்று 2019 நவம்பரில் நாடாளுமன்றத்தில் அரசு கூறியது. 2023 ஜூலையில் அப்போதைய இஸ்ரோ தலைவர் சோமநாத் இதை விரிவாக விளக்கினார். கலத்தின் ஐந்து என்ஜின்களும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் விசை தந்தன. ஆனால் படம் எடுப்பதற்காகக் கலம் அசையாமல் இருக்க வேண்டிய கட்டம் அது. அதனால் பிழைகள் உடனே திருத்தப்படாமல் சேர்ந்துகொண்டே போயின. பிறகு கலம் வேகமாகத் திரும்ப வேண்டி வந்தபோது, அவ்வளவு வேகமாகத் திரும்பக் கூடாது என்று கம்ப்யூட்டர் கட்டளைகள் தடுத்தன. குறித்த இடமோ 500 மீட்டர் சதுரம். அதை எட்டிப்பிடிக்க, தரை நெருங்கிய நேரத்தில் கலம் வேகத்தைக் கூட்டியது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. யந்திரம் சொன்ன பேச்சைக் கேட்காமல் போகவில்லை. அதற்குச் சொல்லப்பட்டவையே ஒன்றோடொன்று மோதின. இதைக் கண்டுகொண்டதால்தான் அடுத்த திட்டத்தில் ‘எது எது தவறக்கூடும்’ என்பதே முதல் கேள்வியாயிற்று. இறங்கும் இடம் 4 கிலோமீட்டருக்குச் சுமார் இரண்டரைக் கிலோமீட்டராக விரிந்தது. ஐந்தில் ஒரு என்ஜின் நீக்கப்பட்டது. கால்கள் பலப்படுத்தப்பட்டன, எரிபொருள் கூட்டப்பட்டது. வேகத்தை அளக்கப் புதிய லேசர் கருவி சேர்க்கப்பட்டது. கருவிகள் ஹெலிகாப்டரில் பொருத்திச் சோதிக்கப்பட்டன. திட்ட இயக்குநராக இதை நடத்தியவர், விழுப்புரம் ரயில்வே தொழிலாளி ஒருவரின் மகனான வீரமுத்துவேல்.

பதிவு யார் கையில்?

ஆயினும் குறை ஒன்று உண்டு. அந்த விரிவான விளக்கம் மக்களை எட்ட ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆயின. பதிவுகளைத் திறந்து வைத்தால் என்ன நன்மை என்பதற்கும் இதே நிகழ்ச்சியில் சான்று உள்ளது. அமெரிக்காவின் நாசா தன் சந்திரப் படங்களை எல்லோரும் பார்க்க வெளியிட்டது. சென்னைப் பொறியாளர் ஒருவர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, விக்ரமின் சிதறலை அடையாளம் காட்டினார். நாசாவும் 2019 டிசம்பரில் அதை உறுதி செய்தது.

இன்று தாமாக இயங்கும் யந்திரங்கள் தொழிற்சாலைகளுக்கும் கிடங்குகளுக்கும் வருகின்றன. அங்கே ஒன்று தவறினால், ‘ஷிப்டில் யார் இருந்தது?’ என்று கேட்பதே சுலபம். யந்திரத்தின் பதிவு நிர்வாகத்திடம் மட்டும் இருக்குமானால், தொழிலாளி தன் பக்கத்து நியாயத்தை எதைக் கொண்டு நிரூபிப்பான்? விக்ரம் விழுந்தபோது ஒரு ஆளைத் தேடாமல் காரணத்தைத் தேடியதால்தான் அடுத்த கலம் இறங்கியது. அதே முறை பீனியாவின் பட்டறைகளுக்கும் பொருந்தும். பழி சொல்லும் முன் பதிவைப் பார்க்க வேண்டும்; அதைப் பார்க்கும் உரிமை தொழிலாளிக்கும் வேண்டும்.