மறுநாள் குழம்பு

சினிமாவில் இரண்டாம் பாகம் என்றாலே எனக்கு மறுநாள் குழம்பு ஞாபகம் வந்துவிடும். சாம்பாராக இருந்தால் புளித்திருக்கும். வத்தக்குழம்பாக இருந்தால் சுண்டக் காய்ச்சி, முதல் நாளைவிட ருசியாக இருக்கும். எது என்பது மூடியைத் திறந்தால்தான் தெரியும்.

2024 ஜூனில் இப்படி ஒரு மூடியைத் திறக்கக் குடும்பத்தோடு கிளம்பினோம். 'இன்சைட் அவுட் 2'. கார்ட்டூன் படம். 'இந்த வயசில் கார்ட்டூனா?' என்று சிரிக்காதீர்கள். முதல் பாகம் 2015ல் வந்தபோது என் மகளுக்கு எட்டு வயது. துணைக்குத்தான் போனேன். இடைவேளைக்குப் பிறகு கைக்குட்டையைத் தேடியது நான். "பொம்மைதானேப்பா... அழாதீங்க" என்று தேற்றியது அவள். பக்கத்து ஸீட்காரர் திரும்பிப் பார்த்தார். "ஏ.ஸி. ஒத்துக்கலை ஸார்" என்றேன். "எனக்கும்தான்" என்று அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பார்க்காதவர்களுக்குக் கதைச் சுருக்கம். ரைலி என்று ஒரு பெண். அவள் தலைக்குள் ஓர் ஆபீஸ். மகிழ்ச்சி, சோகம், பயம், கோபம், அருவருப்பு என்று ஐந்து பேர் ஸ்டாஃப். மானேஜர் மகிழ்ச்சி. சோகத்தை எதையும் தொடவிடுவதில்லை. மின்னஸோட்டாவிலிருந்து ஸான் ஃபிரான்ஸிஸ்கோவுக்கு வீடு மாறுகிறார்கள். பழைய வீடு போச்சு, ஸ்நேகிதி போச்சு, போதாததற்கு பீட்ஸாவிலும் ப்ரோக்கோலி. (ஜப்பானில் குழந்தைகள் ப்ரோக்கோலியை ஆசையாகத் தின்னுமாம். அந்த ஊருக்கான பிரதியில் மட்டும் அதைக் குடைமிளகாயாக வரைந்து மாற்றினார்கள்!) கடைசியில், அழ வேண்டிய நேரத்தில் அழுதால்தான் அப்பா அம்மா அணைத்துக்கொள்வார்கள் என்பது மானேஜருக்கே புரிகிறது.

டைரக்டர் பீட் டாக்டர், கலகலப்பாக இருந்த தன் மகள் பதினோரு வயதில் மௌனமாகிவிட்டதைப் பார்த்து, 'இவள் தலைக்குள் என்னதான் நடக்கிறது?' என்று யோசித்ததில் பிறந்த கதை இது. நாமாக இருந்தால் மந்திரித்துத் தாயத்துக் கட்டியிருப்போம். அவர் 2016ல் ஆஸ்கார் வாங்கிவிட்டார். அந்தப் படத்தில் அருவருப்புக்குக் குரல் கொடுத்த மிண்டி கேலிங், ஒரு தமிழ் அப்பாவின் மகள். சொக்கலிங்கத்தைத்தான் கேலிங் என்று நறுக்கி வைத்திருக்கிறார். இரண்டாம் பாகத்தில் அவர் குரல் இல்லை.

சரி, இரண்டாம் பாகத்துக்கு வருவோம். நமக்கு ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. ரைலிக்கு இப்போதுதான் பதிமூன்று. கார்ட்டூனாகப் பிறக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். என் மகள் அதற்குள் ப்ளஸ் டூ.

டைரக்டரும் புதுசு, கெல்ஸி மான். ஆபீஸில் நாலு பேர் புதிதாகச் சேர்கிறார்கள். பொறாமை, சலிப்பு, கூச்சம், அப்புறம் பதற்றம். ஆரஞ்சு நிறம், குச்சி குச்சியாகத் தலைமுடி, கை கொள்ளாத பெட்டி படுக்கையோடு பதற்றம் உள்ளே நுழைந்ததும், என் மனைவி இருட்டில் கிசுகிசுத்தாள்: "உங்க அக்கா மாதிரியே இல்லே?"

நான் பதில் சொல்லவில்லை. (சொல்லவும் முடியாது. அப்படியேதான் இருந்தது.)

கதையில் புதுசு ஒன்றும் இல்லை. முதல் பாகத்திலும் மகிழ்ச்சி ஆபீஸைவிட்டு வெளியே விழுந்து, நடையாய் நடந்து திரும்பி வரும். இதிலும் அப்படியே. பழைய கள், புது மொந்தை. முதல் பாகத்தில் ரைலியின் கற்பனைத் தோழன் பிங் பாங், மறதிப் பள்ளத்தில் தன்னையே விட்டுக்கொடுத்து மறைந்து போவான். போனவன் போனவன்தான். இரண்டாம் பாகத்தில் அந்த மாதிரி நஷ்டம் எதுவும் கிடையாது. எல்லாரும் பத்திரமாகத் திரும்பி வந்துவிடுகிறார்கள். அதனால் கைக்குட்டை மடிப்புக் கலையவில்லை. பாதிப் படத்தில், 'சாம்பார்தான்' என்று தீர்ப்பு எழுதிவிட்டேன்.

அப்புறம்தான் இரண்டு காட்சி வந்தது.

ஒன்று, ராத்திரி ரைலி தூங்காமல் புரள்கிறாள். தலைக்குள் ஒரு பெரிய ஹால். வரிசையாக மேஜை போட்டு ஆட்கள் உட்கார்ந்து, 'நாளைக்கு என்னென்ன கெட்டுப்போகலாம்' என்று படம் வரைந்து தள்ளுகிறார்கள். பதற்றம் மேற்பார்வை. தியேட்டரே சிரித்தது.

இன்னொன்று, ஹாக்கி மேட்ச். ரைலி தன் ஸ்நேகிதியையே இடித்துத் தள்ளிவிடுகிறாள். தண்டனையாக இரண்டு நிமிஷம் தனிக் கூண்டில். அங்கே அவளுக்கு மூச்சு முட்டுகிறது. நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறாள். உள்ளே பதற்றம் சூறாவளி மாதிரி சுற்றுகிறது. நிறுத்த அதற்கே தெரியவில்லை. யாரும் சிரிக்கவில்லை. என் கைமேல் ஒரு கை வந்து விழுந்தது. ஜில்லென்றிருந்தது. மகளுடைய கை.

வெளியே வந்ததும் மெதுவாகக் கேட்டேன், "என்னம்மா?"

"எனக்கும் அந்த மாதிரி வந்திருக்குப்பா. போன வருஷம் டெஸ்ட் அன்னிக்கு. பாத்ரூம்ல நின்னு அது போற வரைக்கும் எண்ணிக்கிட்டே இருந்தேன்."

"சொல்லவே இல்லையேம்மா?"

"சொன்னா நீங்க பயந்துடுவீங்கப்பா."

ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 'இந்த ஒரு வருஷம்தாம்மா. இதைக் கோட்டை விட்டா வாழ்க்கையே போச்சு', 'எதிர்வீட்டுப் பையன் நாலு மணிக்கே எழுந்துக்கறான்' என்று தினம் காப்பியோடு சேர்த்து நான் கொடுத்து வந்தது ஞாபகம் வந்தது. அந்த ஹாலில் உட்கார்ந்து படம் வரைகிற ஆட்களில் முதல் மேஜை என்னுடையது. சம்பளம் வாங்காமல், ஞாயிற்றுக்கிழமையும் லீவு போடாமல் வரைந்திருக்கிறேன்.

முதல் பாகம் 85 கோடி டாலருக்கு மேல் வசூல் செய்தது. இரண்டாவது அதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, 169 கோடி. அந்தச் சமயத்தில் அனிமேஷன் படங்களிலேயே முதலிடம். மறு வருஷமே சீனாவின் 'நே ஜா 2' முந்திவிட்டது. (அதுவும் ஓர் இரண்டாம் பாகம்!) 2025ல் ஆஸ்கார் இதற்குக் கிடைக்கவில்லை. லாட்வியாவிலிருந்து வந்த, வசனமே இல்லாத பூனைப் படம் 'ஃப்ளோ' தட்டிக்கொண்டு போயிற்று. நியாயம்தான். படமாகப் பார்த்தால் முதல் பாகம் ஒரு படி மேல் என்றுதான் நானும் சொல்வேன்.

மகளிடம் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "முதல் படம் உங்களுக்கு எடுத்ததுப்பா. பிள்ளை வளர்ந்துட்டாளேன்னு பெரியவங்க அழறதுக்கு. இது எங்களுக்கு எடுத்தது."

வாயடைத்துப் போனேன். குழம்பு யார் இலையில் விழுகிறது என்பதும் ஒரு கணக்கு அல்லவா?

படத்தின் முடிவில் பதற்றத்தை யாரும் வேலையைவிட்டுத் துரத்துவதில்லை. ஒரு சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, கையில் டீ கொடுத்துவிடுகிறார்கள். அவ்வளவுதான் வைத்தியம்.

பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி. நான் ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேன். மகள் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து வந்தாள். என் அப்பா காலத்து ஈஸிசேரை இழுத்துப் போட்டாள். உள்ளே போய் ஒரு டம்ளர் டீயோடு திரும்பினாள்.

"உட்காருங்கப்பா. நாளைக்கு எனக்குத்தான் பரீட்சை."

எத்தனை மார்க் என்று கேட்கிறீர்களா? கேட்கக் கூடாது ஸார். நான் இப்போது கேட்பதில்லை.