ஃபார்மட் தீர்வு அன்று

2024 ஆகஸ்ட் 13 அன்று மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்பு, ஒரே கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் வைத்திருப்போர் பலரது லினக்ஸைத் தொடங்கவிடாமல் நிறுத்தியது. நம்பகமான கையொப்பம் பெற்ற நிரல்களை மட்டுமே கணினி தொடங்கும்போது இயங்கவிடும் காவல் ஏற்பாடு செக்யூர் பூட் எனப்படும். கையொப்பம் இருந்தாலும், பாதுகாப்புக் குறையுள்ள பழைய தலைமுறை நிரல்களை மறுப்பதற்கு அது பயன்படுத்தும் பட்டியல் எஸ்பாட். லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப் என்னும் நிரலில் 2022இல் அறியப்பட்ட குறை ஒன்றின் பொருட்டு அப்பட்டியல் புதுப்பிக்கப்பட்டது. இரு இயங்குதளங்கள் உள்ள கணினிகளை அது தொடாது என்று கூறப்பட்டிருந்தும், சில கணினிகளில் லினக்ஸ் இருப்பதைப் புதுப்பிப்பு கண்டுகொள்ளவில்லை. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் சென்று அப்பட்டியலை நீக்கி, மறுபடி தொடங்கியபின் காவலை மீண்டும் இயக்கினால் கோளாறு தீரும். (பிட்லாக்கர் பூட்டு உள்ள கணினியில் செக்யூர் பூட்டை அணைத்தால் விண்டோஸ் 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்கக்கூடும் என்பதால், அதை முன்கூட்டியே எடுத்துவைப்பது அவசியம்.) இதற்காகக் கோப்பு ஒன்றுகூட அழிய வேண்டியதில்லை.

அப்படியிருந்தும், இத்தகைய கணினியைப் பழுதுபார்க்க எடுத்துச் செல்பவர் அடிக்கடி கேட்கும் விடை, "ஃபார்மட் அடிச்சாத்தான் சரியாகும்" என்பதே. ஃபார்மட் செய்வது கோளாற்றைக் கண்டறியும் வேலையைச் செய்யாமலே முடிக்கும் வழி. அதற்குரிய விலையைக் குழந்தையின் புகைப்படங்களாகவும், பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வேறெங்கும் படி எடுத்துவைக்காத கட்டுரைகளாகவும் உரிமையாளரே கொடுக்கிறார்.

புதுப்பித்தபின் கணினி தொடங்காமல் போவது எங்கே நிகழ்கிறது என்று அறிந்தால் இதன் அநீதி விளங்கும். மதர்போர்டில் உள்ள ஃபர்ம்வேர், கிரப் போன்ற பூட்லோடரை அழைக்கிறது. பூட்லோடர், இயங்குதளத்தின் உட்கருவாகிய கெர்னலையும், வட்டைத் திறக்கத் தேவையான கருவிகள் அடங்கிய இனிட்ராம்எஃப்எஸ் என்னும் சிறு தொகுப்பையும் நினைவகத்தில் ஏற்றுகிறது. அதன் பிறகே உண்மையான வட்டு திறக்கிறது. உரிமையாளரின் கோப்புகள் இச்சங்கிலியின் கடைசியில் இருப்பவை. முன்னுள்ள கண்ணி ஒன்று அறுந்ததற்காகக் கடைசியில் இருப்பதை அழிப்பதில் நியாயமே இல்லை.

உபுண்டு பயன்படுத்துவோரிடம் அடிக்கடி காணப்படும் கோளாறு ஒன்று இதற்குத் தக்க சான்று. வட்டு முழுவதையும் மறைகுறியாக்கம் செய்து நிறுவும்போது, கெர்னல்களுக்கென்று பூட் என்ற சிறு பார்ட்டிஷன் தனியே ஒதுக்கப்படுகிறது. ஒவ்வொரு கெர்னல் புதுப்பிப்பும் அங்கே புதிய கோப்புகளைச் சேர்க்க, பழையவை நீக்கப்படாவிட்டால் ஒருநாள் இடம் தீர்ந்து, இனிட்ராம்எஃப்எஸ் எழுதப்படாமல் நின்றுவிடுகிறது. ஆனால் புதிய கெர்னல் மட்டும் கிரப் பட்டியலில் ஏறியிருக்கக்கூடும். அடுத்த முறை கணினியைத் தொடங்கும்போது, மூல வட்டை ஏற்ற இயலவில்லை என்னும் கெர்னல் பேனிக் பிழைச்செய்தி திரையில் தோன்றுகிறது. பயனருக்கு இது கணினியின் சாவாகத் தெரிகிறது. உண்மையில் தீர்ந்தது சில நூறு மெகாபைட் இடம் மட்டுமே. ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையால் கிரப் பட்டியலை வரவழைத்து, கூடுதல் விருப்பங்களில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் கணினி வழக்கம்போல் எழுந்துவிடும். வேண்டாத கெர்னல்களை நீக்கி, இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி உருவாக்கினால் வேலை முடிந்தது.

அந்த முந்தைய கெர்னல் என்னும் ஒரு வரி எளிதில் வந்ததன்று. கிரப்புக்கு முன் பரவலாக இருந்த லிலோ என்னும் பூட்லோடர், கெர்னல் வட்டில் எந்த இடத்தில் கிடக்கிறது என்பதை மட்டுமே குறித்துவைத்திருந்ததால், கெர்னலை மாற்றியவர் லிலோவை மறுபடி இயக்க மறந்தால் கணினி நின்றுவிடும். 1995இல் எரிக் போலின் தொடங்கிய கிரப், கோப்பமைப்பைத் தானே படிக்கக் கற்றதால், தொடங்கும் வேளையிலேயே வேறு கெர்னலைத் தேடி எடுக்க வழி பிறந்தது. ஃபெடோரா இயல்பாகவே மூன்று கெர்னல்களை வைத்திருக்கிறது. ஆண்ட்ராய்டு 7.0 பதிப்பிலிருந்து, அதற்கான ஏற்பாடுள்ள கைபேசிகள் புதிய இயங்குதளத்தை இரண்டாம் பகுதியில் எழுதி, அது எழவில்லையெனில் பழைய பகுதிக்குத் திரும்புகின்றன. புதியது தவறக்கூடும் என்று முன்பே எண்ணி, திரும்பும் வழியைத் திறந்துவைத்த இந்தப் பொறியாளர்கள் பயனரை மதித்தவர்கள். புதுப்பிக்கச் சொல்லி நாள்தோறும் நெருக்கிவிட்டு, திரும்பும் வழியை மறைத்துவைக்கும் நிறுவனங்களிடம் அம்மதிப்பு இல்லை.

கிரப் பட்டியலே வராத கணினியையும் நிறுவாமலே பென்டிரைவிலிருந்து இயங்கும் லைவ் லினக்ஸால் தொடங்கி, கோப்புகளை முதலில் வேறு வட்டில் படியெடுத்துவிட்டு, பிறகு கிரப்பை மீண்டும் நிறுவலாம். எனவே ஃபார்மட் என்ற பேச்சு எழுந்ததும், பழைய கெர்னலில் தொடங்கிப் பார்த்தாயிற்றா, லைவ் பென்டிரைவில் கோப்புகள் தெரிகின்றனவா என்ற இரண்டையும் வாசகர்கள் கேட்க வேண்டும். இரண்டுக்கும் தெளிவான விடை வரும்வரை கணினியை ஃபார்மட் செய்ய யாருக்கும் ஒப்புதல் தர வேண்டாம்.