நமுத்த வெடியும் நாலு சிலிண்டரும்

கார் வைத்திருப்பவர்களைக் கண்டால் எனக்கு ஒரு கேள்வி கேட்கத் தோன்றும். "ஐயா, உங்கள் காருக்கு எத்தனை சிலிண்டர்?" பெரும்பாலோர் விழிப்பார்கள். காரின் நிறம் தெரியும். மாதத் தவணை தெரியும். எதிர்வீட்டுக்காரர் கார் எத்தனை லட்சம் என்பது காசு சுத்தமாகத் தெரியும். பெண்டாட்டி பிள்ளைகளைச் சுமந்துகொண்டு ஓடுகிற யந்திரத்துக்குள் எத்தனை அறைகளில் நெருப்புப் பற்றுகிறது என்பது மட்டும் தெரியாது. தெரியாததில் ஒரு பெருமை வேறு! "அதெல்லாம் மெக்கானிக் பார்த்துப்பான்" என்று சொல்லும்போது முகத்தில் ஒரு ஜமீன் களை வருகிறது.

இந்தப் பெருமையின் மேல்தான் எனக்குக் கோபம். மற்ற ஊர்க்காரர்களை மன்னித்துவிடலாம். விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கத்து மனிதர்களை மன்னிக்க மனம் வரவில்லை. நெருப்பைத் தொழிலாகக் கற்ற பூமி இது. 1922-ல் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனது காளி தரிசனத்துக்காக அல்ல. தீப்பெட்டி எப்படிச் செய்கிறார்கள் என்று கண்ணால் பார்த்துக் கற்பதற்காக. மறு வருஷமே சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் பிறந்தது. பிறகு பட்டாசு வந்தது. லேபிள் அடிக்க அச்சாபீஸ்கள் வந்தன. "அதெல்லாம் கல்கத்தாக்காரன் பார்த்துப்பான்" என்று அந்த இரண்டு பேர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் இதில் ஒன்றாவது வந்திருக்குமா? இன்று அதே ஊரில், நிற்கிற கார் கொஞ்சம் உதறினால் சொந்தக்காரர் பானெட்டைத் தொடக்கூட அஞ்சுகிறார்.

என்ஜின் உதறுவது என்றால் என்ன? சிவகாசிப் பையனிடம் சொன்னால் ஒரு நிமிஷத்தில் பிடித்துக்கொள்வான். சரவெடியில் ஒரு வெடி நமுத்துப் போயிருக்கிறது, அவ்வளவுதான். நாலு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின் நிமிஷத்துக்கு 800 சுற்றில் சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போது அதற்குள் 1,600 வெடி வெடிக்கிறது. பெரும்பாலான கார்களில் 1, 3, 4, 2 என்ற வரிசை, தாளம் தவறாது. ஒரு சிலிண்டர் படுத்துவிட்டால் நிமிஷத்துக்கு 400 வெடி குறைந்துபோகும். மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங்' என்பது இதைத்தான். வெடி ஏன் வெடிக்கவில்லை என்பதற்கும் நம் ஊருக்குத் தெரிந்த காரணங்களே. பொறி சரியில்லை, அல்லது மருந்துக் கலவை சரியில்லை, அதுவும் இல்லையென்றால் கட்டு இறுக்கமாக இல்லை. பொறி என்பது பிளக்கும் காயிலும். கலவை என்பது பெட்ரோலும் காற்றும். எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. கட்டு என்பது வால்வும் பிஸ்டன் வளையங்களும்.

இவற்றில் எது குற்றவாளி என்று தெரிந்துகொள்ள முதலில் காசு வேண்டாம், காது வேண்டும். வண்டி எப்போது உதறுகிறது? நிற்கும்போது உதறி, வேகம் எடுத்ததும் சரியாகிவிட்டால் எங்கோ ஒரு ரப்பர்க் குழாய் வெடித்துத் திருட்டுக் காற்று உள்ளே போகிறது என்று சந்தேகப்படுங்கள். சும்மா நிற்கும் என்ஜின் குடிக்கிற காற்றே கொஞ்சம். அதில் திருட்டுக் காற்று பெரிய பங்கு. வேகத்தில் அது கடலில் கரைத்த பெருங்காயம். மாறாக, நிற்கும்போது சமர்த்தாக இருந்துவிட்டு, நாலு பேர் ஏறி மேட்டில் இழுக்கும்போது திணறினால் பிளக், காயில், பெட்ரோல் வரத்து ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சத்தம் சீராக இருந்தும் வண்டி மட்டும் நடுங்குகிறதா? என்ஜினைத் தாங்குகிற ரப்பர் மவுண்டிங் இற்றுப் போயிருக்கலாம். பாவம், என்ஜினைத் திட்டாதீர்கள். கழற்றிய பிளக்கின் முனை ஒரு ஜாதகம். பிஸ்கட் நிறமாக இருந்தால் ஆரோக்கியம். கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் சூடு அதிகம், காற்றும் அதிகமாக இருக்கலாம். பெட்ரோலில் நனைந்திருந்தால் பெரும்பாலும் அங்கே பொறியே விழவில்லை.

"இப்போது எல்லாம் கம்ப்யூட்டர் கார், ஸார்! உங்கள் அம்பாஸடர் வித்தை செல்லாது" என்று சிரிப்பார்கள். அம்பாஸடர் உற்பத்தி 2014-ல் நின்றது வாஸ்தவம். ஆனால் பாயிண்டைத் தேய்த்து, கார்புரேட்டரைத் திருகி, இருட்டில் தடவிய அந்த நாளைவிட இன்று வேலை எளிது. ஸ்டீயரிங்குக்குக் கீழே பதினாறு முனையுள்ள சாக்கெட் ஒன்று இருக்கிறது. அதில் செருகுகிற சின்ன ஸ்கேனர், குடும்பத்தோடு சினிமாவுக்குப் போய்வரும் செலவில் கிடைக்கிறது. அது சொல்வதைச் செல்போனில் படித்துக்கொள்ளலாம். பி0301 என்றால் முதல் சிலிண்டர் நமுத்தது; பி0302 என்றால் இரண்டாவது; பி0300 என்றால் ஒன்றில் நிற்காமல் அங்கும் இங்குமாக நமுக்கிறது. காரே வாய் திறந்து பேசுகிறது! கேட்கத்தான் ஆள் இல்லை.

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் நண்பர் ஒருவரின் எட்டு வயசுக் கார் உதற ஆரம்பித்தது. ஒரு பெரிய சர்வீஸ் நிலையத்தில் எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார்கள். காயில் நாலு, பிளக் நாலு, இன்ஜெக்டர் சுத்தம், பெட்ரோல் பம்பு. மொத்தம் 31,000 ரூபாய். "எதுக்கு அண்ணாச்சி ரிஸ்க்? எல்லாத்தையும் மாத்திருவோம்" என்று அங்கிருந்த பையன் அன்பாகச் சொன்னானாம். தம் அச்சாபீஸில் மெஷின் நின்றால் காரணம் தெரியாமல் ஒரு நட்டைக்கூட மாற்றவிடாத மனிதர், காருக்கு மட்டும் பணப் பையைத் திறந்துவிட்டார். "அண்ணாச்சி, ஒரு மணி நேரம் பொறுங்க" என்று தடுத்தேன். ஸ்கேனர் பி0302 என்றது. என்ஜினை அணைத்து ஆறவிட்டு, இரண்டாவது சிலிண்டரின் காயிலை மூன்றாவதிலும், மூன்றாவதன் காயிலை இரண்டாவதிலும் மாற்றிப் போட்டோம். பழைய எண்ணை அழித்துவிட்டு வண்டியை எடுத்தோம். திருத்தங்கல் போய்த் திரும்புவதற்குள் புது எண் விழுந்தது: பி0303. குற்றம் காயிலோடு கூடவே நடந்து போயிருக்கிறது! ஒரே ஒரு காயில் வாங்கிப் போட்டார், உதறல் நின்றது. "அப்ப மூணு நல்ல காயிலைத் தூக்கிப் போட்டிருப்பாங்களே!" என்று அவர் வயிறெரிந்தார். பம்பை மறந்துவிட்டார்.

கம்பெனிகளையும் சும்மா விடுவதற்கில்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார்க் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அசல் உதிரிச் சாமான்களும், பழுது கண்டுபிடிக்கும் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்குத் தாராளமாகக் கிடைக்காதபடி செய்தார்கள் என்பது குற்றம். அதை எதிர்த்து மேல்முறையீடுகள் நடந்தன. அது தனிக் கதை. 2022 டிசம்பரில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 'பழுது பார்க்கும் உரிமை'க்கென்று ஓர் இணையதளமே திறந்தது. டில்லியில் இணையதளம் திறந்து என்ன? இங்கே பானெட்டைத் திறக்க ஆள் வேண்டாமா?

கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு இளம் வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஹோட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கினார். வாங்கி ஊர்கோலம் போகவில்லை. அக்கக்காகக் கழற்றிப் பார்த்தார். 1920-ல் பழனிக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவே பஸ் விட்டவர் அவரே. நாம் என்ன செய்கிறோம்? பிள்ளையை மெக்கானிக்கல் என்ஜினீயரிங் படிக்கவைக்கிறோம். பட்டம் வாங்கி வந்தவன் ஒரு நாள் பிளக் ஸ்பானரைக் கையில் எடுத்தால், "டேய், சட்டையில் கறை படும்!" என்று பதறுகிறோம். அந்தக் கறையில்தான் இருக்கிறது விஷயமெல்லாம். கையால் வேலை செய்கிறவன் ஒரு படி தாழ்ந்தவன் என்ற பழைய புத்தி ஏ.ஸி. காருக்குள்ளும் ஏறி முன் ஸீட்டில் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. அந்தப் புத்திக்கு நாம் கட்டுகிற வரிதான் 31,000 ரூபாய்.

எல்லாவற்றையும் வீட்டு வாசலிலேயே பிரித்துப் போடச் சொல்லவில்லை. பிரேக், ஏர்பேக், அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் குழாய் இவையெல்லாம் தொழில் தெரிந்தவர் கைக்கே போகட்டும். வாரண்டி தீராத காரையும் விட்டுவிடுங்கள். மூடின ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிடவே கூடாது. கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது, கொன்ற பிறகும் தெரியாது. என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் புகைக் குழாயில் இருக்கும் கன்வர்ட்டரைச் சுட்டுத் தின்றுவிடும். அந்தச் செலவுக்கு முன்னால் காயில் செலவு பிச்சைக் காசு. பீடி, சிகரெட்டைப் பற்றிச் சிவகாசிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மெக்கானிக் வயிற்றில் அடிக்கிறேன் என்று யாராவது சொன்னால், அவர் நல்ல மெக்கானிக்கைப் பார்த்ததில்லை என்று பொருள். புளிய மரத்தடிப் பட்டறையில் காதை வைத்தே மூன்றாவது சிலிண்டர் என்று சொல்லும் கிழவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "காலையில குளிர்ல மட்டும்தான் உதறுது, அண்ணே" என்று விவரத்தோடு போனால் அவர்கள் முகம் மலர்கிறது. பாதி வேலை முடிந்தது என்று அவர்களுக்குத் தெரியும்.

ஸ்பானரைத் தொடவே மாட்டேன் என்பவர்கள் இரண்டு காரியமாவது செய்யுங்கள். எஸ்டிமேட்டில் சாமான் பெயருக்கு எதிரே, ஸ்கேனர் காட்டிய எண்ணையும், இந்தச் சாமான்தான் குற்றவாளி என்று எந்தச் சோதனையில் தெரிந்தது என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கழற்றிய பழைய சாமான்களை ஒரு பையில் போட்டுத் தரச் சொல்லுங்கள். "அப்படியெல்லாம் எழுதற வழக்கம் இல்லைங்க" என்றால், தாராளமாகச் சாவியைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம்.