பிழைத்தவர்கள்தானே பாட்டி ஆனார்கள்!

"பூச நட்சத்திரத்தன்று தங்கச் சொட்டு கொடுங்கள், தடுப்பூசியே வேண்டாம்" என்று செம்பரம்பாக்கம் பக்கமும் சொல்லித் திரிகிறார்கள். தேனும் நெய்யும் சேர்த்துத் தங்கத்தை இழைத்துக் கொடுக்கும் முறை காசியப சம்ஹிதை என்ற பழைய ஆயுர்வேத நூலில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் ஒரு வயதுக்குள் தேனே கூடாது. அதிலுள்ள கிருமி பச்சிளம் குழந்தைக்கு 'பொட்டுலிசம்' என்ற நரம்பு நோயைத் தரலாம். உலோகப் பயமும் உண்டு: 2004இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது, 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது.

"பாட்டி வசம்பைச் சுட்டு, தாய்ப்பாலில் உரைத்துத்தானே வளர்த்தாள்?" என்கிறீர்கள். பிழைத்தவர்கள்தானே பாட்டி ஆனார்கள்! அவளோடு பிறந்து அம்மையிலும் கக்குவானிலும் போனவர்களைக் கணக்கில் சேர்த்தீர்களா?

போலியோவை எந்த லேகியமும் விரட்டவில்லை. வீடு வீடாக வந்த சொட்டு மருந்துதான் விரட்டியது. இயற்கைப் போலியோ வைரஸ் தாக்கிய இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில், ஹவுராவில்.

ரசத்தில் மிளகும் சுக்கும் போடுங்கள், யார் தடுத்தார்கள்? ஒரகடம் கம்பெனியில் ஷிப்டு பார்த்துத் திரும்பும் தாய், காசைத் தங்கச் சொட்டில் கொட்ட வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி இலவசம். தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள்: ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசி போட்டாயிற்றா?