தபால் வந்தது, வேலை வந்ததா?

புவனகிரியில் பஸ் ஏறி வெள்ளாற்றுப் பாலம் தாண்டிக் கீரப்பாளையம் வருவதற்குள், பக்கத்து ஸீட்டுக்காரர் முப்பது மின்னஞ்சல்களைப் பார்த்துவிட்டார். பார்த்தார் என்றால், கட்டை விரலால் தள்ளினார். சிதம்பரத்தில் இறங்கும்போது ஏதோ பாதி வேலை முடித்துவிட்ட களை முகத்தில். ஒன்றுக்காவது பதில் எழுதினாரா என்றால், இல்லை. அத்தனையையும் ஆபீஸில் உட்கார்ந்து இன்னொரு தரம் படிக்க வேண்டும்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 1971-ல் அமெரிக்காவில் ரே டாம்லின்சன் என்ற எஞ்சினீயர், ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு வலையமைப்பு வழியே முதல் கடிதத்தை அனுப்பினார். 1978-ல் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் விற்பனைக்காரர் ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பிவிட்டார். ஏழே வருஷம் பொறுத்தார்கள் பாருங்கள்!

இந்த வெள்ளத்துக்கு அணை எங்கே என்று தேடினால், நாம் சிரித்துப் பழகிய ஓர் இடத்தில் இருக்கிறது: தாலுகா ஆபீஸ். சென்னை ராஜதானிக் காலத்தில் டாட்டன்ஹாம் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் பெயரால் வந்த தபால் முறை, தமிழ்நாட்டுக் காரியாலயங்களில் வேரூன்றிய முறை. வந்த மனுவுக்கு முதலில் தேதி முத்திரை. பிறகு பகிர்மானப் பதிவேட்டில் ஓர் எண். எந்த ஸீட்டுக்குப் போகிறதோ, அந்தக் குமாஸ்தாவின் தன் பதிவேட்டில் ஒரு வரி. "ந.க. எண்" என்று கடிதத்தின் தலையில் பார்த்திருப்பீர்களே, அதுதான்.

முடிந்த காகிதத்துக்கும் விதி உண்டு. சில என்றைக்கும் இருக்கும். சில பத்து வருஷம், சில மூன்று, சில ஒன்று. ஆறு மாதத்துக்கு ஒன்றும் செய்ய வேண்டாத விஷயமா? அதற்குத் தனி நோட்டு. மேஜையில் கிடந்து கண்ணை உறுத்தாது. நினைவூட்ட வேண்டியதற்குத் தேதி போட்ட டைரி வேறு. ஆக, காகிதம் வருவது ஒரு காரியம், அதன்மேல் வேலை செய்வது இன்னொரு காரியம் என்று இரண்டையும் பிரித்து வைத்துவிட்டார்கள்.

நம் மின்னஞ்சல் பெட்டியில் இரண்டும் ஒன்றுதான். திறந்தால் தடித்த எழுத்து மெலிந்துவிடுகிறது. "பார்த்தாயிற்று" என்று மனசும் சமாதானமாகிவிடுகிறது. மறுநாள் அது நாற்பது கடிதங்களுக்கு அடியில். முதியோர் உதவித் தொகைக்கு மனுப் போட்ட பாட்டி கையில் எண் இருந்தால், "என் மனு என்ன ஆச்சு, ஸார்?" என்று வந்து நிற்கலாம். சம்பளப் பிடித்தம் தப்பு என்று மின்னஞ்சல் எழுதிய பையன் எந்த எண்ணைச் சொல்லிக் கேட்பான்? (எண் கொடுத்துவிட்டுக் கட்டைத் தூங்க வைக்கிறவர்களும் உண்டு. அவர்களை எழுப்பப் பதிவேட்டால் ஆகாது. வேறு ஆள் வேண்டும்.)

கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக் கழகத்தார் 124 பேரை வைத்துப் பரீட்சை செய்து 2015-ல் வெளியிட்டார்கள். ஒரு வாரம் தினம் மூன்றே தடவை மின்னஞ்சல் பார்ப்பது, இன்னொரு வாரம் இஷ்டம்போல் பார்ப்பது. மூன்று தடவை பார்த்த வாரத்தில் மனசுக்கு நெருக்கடி குறைவு. டாக்டர் எழுதிக் கொடுக்கும் மாத்திரைபோல் காலை, மத்தியானம், மாலை! திறந்தால் பதில், அல்லது இன்னொருவருக்கு மாற்றல், அல்லது டைரியில் தேதி, அல்லது குப்பை. நாலில் ஒன்று செய்யாமல் மூடக்கூடாது.

அனுப்புகிறவர்களுக்கும் பங்கு உண்டு. சர்க்கார் கடிதத்தில் "பொருள்", "பார்வை" என்று இரண்டு வரி மேலே இருக்கும். படிக்கிறவர் உள்ளே நுழையுமுன்பே சங்கதி தெரிந்துவிடும். நாமோ பொருள் இடத்தில் "வணக்கம்" என்று போடுகிறோம். எல்லோருக்கும் நகல் அனுப்புவது ஊருக்கெல்லாம் தண்டோரா போடுவதுதான். யாருக்கு வேலை என்று யாருக்கும் தெரியாது. அவசரமென்றால் டெலிபோன் எதற்கு இருக்கிறது? கடலூர் ஜில்லாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2011 டிசம்பரில் தானே புயல் வந்தது. அந்த மாதிரி நாளில் "மின்னஞ்சல் அனுப்பினேனே" என்று யாரும் தப்பித்துக்கொள்ள முடியுமா?

மேலதிகாரி ஐந்து நிமிஷத்தில் பதில் கேட்கிறவராயிருந்தால், மூன்று தடவை யோசனை பலிக்காது என்பதும் உண்மைதான். இரவு சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே போனை வைத்துக்கொள்ளும் கணவர்களைப் பற்றி வீட்டில் முணுமுணுப்பது நியாயம். ஆனால் அந்தப் போனுக்கு மறுமுனையில் ஓர் ஆள் இருக்கிறார். பிரான்ஸில் 2017 முதல் இதற்குச் சட்டமே உண்டு: வேலை நேரம் முடிந்தபின் தொந்தரவில்லாமல் இருக்கும் உரிமை. நம் அதிகாரிகள் அதுவரை போக வேண்டாம். ராத்திரி பதினொரு மணிக்கு யோசனை உதித்தால் தாராளமாக எழுதட்டும். காலை பத்து மணிக்குப் போய்ச் சேரும்படி நேரம் குறித்து வைக்கும் வசதி, "அனுப்பு" பொத்தானுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.